பத்துப் பானைச் சோறும் ஒரு கழுதையும்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். அவர் சபையில் ஒரு விகடகவி இருந்தான். அவன் மகா புத்திசாலி என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் அவனேதான். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த விகடகவி நான்தான் ஐயா. பெயர் அறிவாகரன். பெயர் வைத்த என் தகப்பனார் அவசரப்பட்டுவிட்டார். நான் கொஞ்சம் வளர்ந்த பிறகு, ஆளைப் பார்த்து வைத்திருக்கலாம்.

எங்கள் ராஜா கனகவர்மர் நல்லவர். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். ஒருநாள் பட்டத்துக் குதிரைக்கு வயிற்றுவலி வந்தது. அரண்மனைக் குதிரை வைத்தியர் ஓடி வந்தார். வந்தவர் குதிரையின் வாலைப் பிடித்து நாடி பார்த்தார். விசாரித்தால், அவர் யாரோ ஓர் அதிகாரிக்குச் சகலையாம். ராஜாவுக்கு வந்ததே கோபம்!

"இனி என் அரண்மனையில் சிபாரிசு என்ற சொல்லே கேட்கக் கூடாது. தண்ணீர் இறைப்பவர் முதல் தளபதி வரை எல்லாரும் ஒரே தேர்வு எழுதட்டும். எல்லாருக்கும் ஒரே வினா ஓலை. ஐந்து கணக்குகள். ஐந்தையும் சரியாகப் போட்டவருக்கே பதவி!" என்று ஆணையிட்டார்.

குதிரை வைத்தியம் பார்ப்பவனுக்குக் கணக்குத் தேர்வு எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் ராஜா சொல்லி முடித்ததும் முதலில் கைதட்டியவனே நான்தான். மற்றவர்கள் என்னைப் பார்த்துத்தான் தட்டினார்கள்.

வினாக்களை எழுதும் பொறுப்பு தலைமைக் கணக்காயர் பூதலிங்கனாரிடம் போனது. அவருக்கும் எனக்கும் ஆகாது. காரணம் வெற்றிலை. ராஜா சாப்பிட்டு முடித்ததும் தம் கையாலேயே முதல் வெற்றிலையை எனக்குத்தான் கொடுப்பார், இரண்டாவதுதான் பூதலிங்கனாருக்கு. பதினோரு வருடமாக அந்த மனிதர் இரண்டாவது வெற்றிலையை மென்றுகொண்டே என்னை முறைத்துக்கொண்டிருந்தார். நானாவது சும்மா இருந்தேனா? தினமும் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவுவேன்.

பூதலிங்கனார் நான்கு வினாக்களை எழுதிக்கொண்டு வந்தார். ராஜா என்னைப் பார்த்தார். "அறிவாகரா, எல்லாவற்றுக்கும் வாய் திறப்பாயே, ஐந்தாவதை நீ போடு" என்றார்.

அந்த நேரத்தில் எனக்குப் பசி. மடைப்பள்ளியிலிருந்து சோறு வடிக்கும் மணம் வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஞானிபோல ஒரு நிமிடம் பாவனை செய்துவிட்டு, எழுத்தாணியை எடுத்து எழுதினேன்: 'ஒரு பானை சோறு வேக இரண்டு நாழிகை ஆகும். பத்துப் பானை சோறு வேக எத்தனை நாழிகை ஆகும்?'

விடை இருபது. ஈரைந்து பத்து என்பது தெரிந்தவனுக்கு பத்திரண்டு இருபது தெரியாதா? எனக்கு என்னையே மெச்சிக்கொள்ளத் தோன்றியது. பூதலிங்கனார் ஓலையை வாங்கி மூன்று முறை படித்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் அடியில், 'மும்முறை சரிபார்த்தேன் – பூதலிங்கம்' என்று எழுதினார். அதற்கும் கீழே ராஜா முத்திரை குத்தினார்.

விடைகளை எழுதிய ஓலையை ஒரு மண்குடத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டி அரக்கு வைத்து, சபை நடுவில் தொங்கவிட்டார்கள். ராஜா உடைவாளைத் தொட்டுச் சத்தியம் செய்தார்: "குடம் சொன்னதே விடை. இதை மாற்றமாட்டேன்."

பூதலிங்கனார் அப்போதுதான் மெல்ல ஆரம்பித்தார். "மன்னர் பெருமானே, தவறான விடை எழுதியவருக்குப் பதவி இல்லை என்றீர்கள். நியாயம். வினா போட்டவரே தவறு செய்திருந்தால்?"

"நீரே சொல்லும்."

"அவருக்கும் பதவி இல்லை. கழுதைமேல் ஏற்றி நான்கு வீதியும் சுற்றிவரச் செய்யவேண்டும்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு உறைக்கவில்லை. "ஆஹா, பிரமாதம்!" என்று மறுபடியும் நானே முதலில் கைதட்டினேன். இந்தக் கைகளை அன்றைக்கே கட்டிப் போட்டிருக்க வேண்டும்.

தேர்வு நடந்து மூன்று மாதம் கழித்து முடிவு சொல்லும் நாள் வந்தது. சபையே நிறைந்திருந்தது. தப்பு விடைகளில் வேடிக்கையானவற்றைப் படித்துக்காட்டி ராஜாவைச் சிரிக்கவைப்பது என் வேலை. பூதலிங்கனாரின் வினா ஒன்று: 'நாற்பது காதம் இடைவெளி உள்ள இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு தூதர்கள் ஒரே நேரத்தில் எதிரெதிரே புறப்பட்டால் எங்கே சந்திப்பார்கள்?' அதற்கு, தூதர் வேலை கேட்டு வந்த ஓர் ஆள், 'பாலத்தடிச் சாவடியில். அங்கேதான் மோர் நன்றாக இருக்கும்' என்று எழுதியிருந்தான். நான் அதை ராகம் போட்டுப் படித்தேன். சபை குலுங்கியது.

"இதைவிட ஒரு கூத்து இருக்கிறது, மன்னா!" என்று அடுத்த ஓலையை எடுத்தேன். மடைப்பள்ளித் தலைமைப் பதவிக்கு எழுதியிருந்த உலகம்மை என்ற பெண்ணின் ஓலை. நான்கு கணக்கும் சரி. ஐந்தாவது தப்பு. "பத்துப் பானை சோறு இரண்டே நாழிகையில் வெந்துவிடுமாம்! பிசாசுகளைக் கூட்டி வைத்துச் சமைப்பாள் போலிருக்கிறது" என்றேன். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பூதலிங்கனாரே சிரித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் சிரித்ததற்கு வேறு காரணமும் இருந்தது. ஐந்து கணக்கையும் சரியாகப் போட்டு அந்தப் பதவிக்கு வந்தவர் பூதலிங்கனாரின் மைத்துனர். சிபாரிசே இல்லை, குடமே தேர்ந்தெடுத்தது. அவருக்கு அடுப்பு எந்தப் பக்கம் எரியும் என்றுகூடத் தெரியாது.

நான் வீட்டுக்குப் போய், சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் என் மனைவி சொர்ணவல்லியிடம் அதே கூத்தை அதே ராகத்தோடு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றாள்.

"பத்துப் பானை, சொர்ணம்! இரண்டு நாழிகையில்!"

"ஆமா. பத்து அடுப்புல ஏத்தினா ரெண்டு நாழிகையில வெந்துடும். ஏன், உங்க ராஜா வீட்ல ஒரே ஒரு அடுப்புதான் இருக்கா?"

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

அவள் விடவில்லை. "நம்ம கல்யாணத்துக்கு நாப்பது பானை வடிச்சாங்க. ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு வச்சா எண்பது நாழிகை. ஒரு நாளைக்கே அறுபது நாழிகைதான். தாலி கட்டின மறுநாள்தான் பந்தி போட்டிருப்பாங்க. அதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோவிச்சுக்கிட்டு உங்களையும் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. நானும் தப்பிச்சிருப்பேன். எந்த மடையன் இந்தக் கணக்கைப் போட்டான்?"

நான் ரசம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அடக் கடவுளே, நீங்கதானா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அப்புறம்தான் சிரிக்க ஆரம்பித்தாள். நான் சொன்ன நகைச்சுவைக்கு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

நாற்பது வருடமாகச் சோறு தின்கிறேன். ஒரு நாளாவது அடுப்படியில் எட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியை எழுதியிருக்கமாட்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்டது. உலகம்மை நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கை இரண்டிலும் பழைய சூட்டுத் தழும்புகள்.

"அய்யா, ராசாகிட்ட நேரா நின்னு பேசுறவரு நீங்க ஒருத்தர்தான்னு சொன்னாங்க. அதான் வந்தேன்" என்றாள். "முப்பது வருசமா கல்யாண வீட்டுக்குச் சமைக்கிறேன். கோட்டை அடுப்பு தெரியுமில்ல? நீளமா குழி வெட்டி, மேல வரிசையா பானை ஏத்துறது. பத்து என்ன, இருபது பானையும் ஒண்ணா ஏத்தி ஒண்ணா இறக்குவேன். எங்கூட எட்டுப் பொம்பளைங்க இருக்காங்க. ஆடியும் மார்கழியும் வந்தா கல்யாணம் கிடையாது. அடுத்தவங்களுக்கு ஆயிரம் இலை போட்ட நாங்க அந்த ரெண்டு மாசமும் பட்டினி. இந்த வேலை கெடச்சா எட்டுப் பேரையும் உள்ள சேத்துக்கலாம்னு இருந்தேன். அதுக்காகவே எழுத்துக் கத்துக்கிட்டேன் அய்யா, இந்த வயசுல."

திண்ணையைக் காட்டினேன், அவள் உட்காரவில்லை.

"எத்தனை அடுப்புன்னு அந்தக் கேள்வியில போடலியே! போடாம விட்டா நாங்க எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிதானே நெனப்போம்? தப்புன்னு சொன்னாகூடப் பொறுத்துக்குவேன். சபையில படிச்சுச் சிரிச்சாங்களாமே, அதான் பொறுக்கல. நீங்க படிச்சீங்கன்னு சொன்னாங்க. அது உங்க வேலை, உங்கமேல குத்தமில்ல. அந்தக் கேள்வியப் போட்ட புண்ணியவான் யாருன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு நாள் அவரு வீட்டுக்கு வந்து சமைச்சுக் காட்டிட்டுப் போறேன்."

உள்ளேயிருந்து சொர்ணவல்லி பலமாக இருமினாள்.

"அது... அரச ரகசியம் அம்மா" என்றேன். சபையில் எவ்வளவோ பேசுகிற வாய், அவளுக்கு முன்னால் அவ்வளவுதான் பேசியது. அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நேரே போய் ராஜாவிடம் ஒப்புக்கொள்ளலாம்தான். ஆனால் குடத்தின் விடையை மாற்றமாட்டேன் என்று அவர் வாளைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறார். எனக்குக் கழுதை கிடைக்கும். உலகம்மைக்கு வேலை கிடைக்காது. ஆகவே குடத்தைத் தோற்கடிக்க வேண்டும். அதை நான் செய்ய முடியாது, சோறுதான் செய்யவேண்டும். விடிய விடிய யோசித்து இதைக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் சொர்ணவல்லிதான், "ஒரு நாள் அந்தக் கணக்குப்படியே சமைச்சுப் போடுங்களேன், தெரியும் சேதி" என்றாள்.

மறுநாள் சபையில் எழுந்து வணங்கினேன்.

"மன்னர் பெருமானே! நாளை தங்கள் பிறந்தநாள் விருந்து. பத்துப் பானை சோறு வடித்துக் குலதெய்வத்தின் முன் ஒரே குவியலாகக் கொட்டிப் படைத்த பிறகே தாங்கள் இலையில் அமர்வது வழக்கம். அதுவரை தங்களுக்குத் தண்ணீர் மட்டும்தான்."

"ஆம், அதற்கென்ன?"

"பத்துப் பானைக்கு இருபது நாழிகை என்று குடம் சொல்லிவிட்டது. புதிய மடைப்பள்ளித் தலைவர் அந்த விடைப்படியே சமைக்க வேண்டும். ஒரு நாழிகை முன்னதாக முடிந்தாலும் குடம் பொய் சொன்னதாக ஆகிவிடும். தங்கள் சத்தியத்துக்கு அது அழகா?"

ராஜா மகிழ்ந்துபோனார். பூதலிங்கனார் தம் மைத்துனருக்குப் பெருமை என்று எண்ணி, "அப்படியே ஆகட்டும்" என்றார். மைத்துனருக்கு அதைவிட மகிழ்ச்சி. அவருக்குத் தெரிந்த ஒரே சமையல் அந்தக் கணக்குதான்.

"இன்னொரு விண்ணப்பம். தப்பு விடை எழுதினாளே உலகம்மை, அவளும் அவள் ஆட்களும் நாளைக்குக் குதிரை லாயத்தில் காவலர்களுக்குப் பத்துப் பானை வடிக்கட்டும். அவள் விடையின் லட்சணத்தையும் பார்ப்போமே!"

சபை சிரித்தது. ராஜா தலையசைத்தார்.

மறுநாள் காலை பத்து நாழிகைக்கு இரண்டு இடத்திலும் தீ மூட்டினார்கள். மைத்துனர் மடைப்பள்ளியில் ஓர் அடுப்பை மூட்டி, ஒரு பானையை ஏற்றி, நேரம் காட்டும் நாழிகை வட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கிருந்த பழைய ஆட்கள் மற்ற அடுப்புகளையும் மூட்டப் போனார்கள். "தொடாதீர்கள்! அரச ஆணை!" என்று கத்தி எல்லாரையும் வெளியே அனுப்பினார். மனிதர் கடமை தவறாதவர்.

இரண்டு நாழிகை கழிந்தது. முதல் பானை இறங்கி இரண்டாவது ஏறியது. அப்போது லாயத்துப் பக்கமிருந்து காற்று வீசியது. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, சுட்ட அப்பளம், நெய். ராஜா மூக்கை உயர்த்தினார்.

"அறிவாகரா, அது என்ன மணம்?"

"தப்பு விடை மன்னா" என்றேன்.

உச்சி வேளை வந்தது. மூன்றாவது பானை கொதித்துக்கொண்டிருந்தது. விருந்துக்கு வந்திருந்த பக்கத்து நாட்டுச் சிற்றரசர்கள் இரண்டு பேர் தூணில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார்கள். ராஜா ஆறாவது செம்புத் தண்ணீரைக் குடித்தார். ஐந்தாவது பானை ஏறியபோது லாயத்துக் காவலர்கள் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து, ராஜாவை வாழ்த்த வரிசையாக வந்தார்கள். முன்னால் நின்றவன் வாழ்த்த வாய் திறந்தான், ஏப்பம்தான் வந்தது.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். என் திட்டம் இவ்வளவுதான். பசி முற்றும், ராஜாவுக்குப் புரியும், உலகம்மைக்கு வேலை கிடைக்கும். யார் போட்ட கணக்கு என்று ராஜா கேட்பாரே என்பது எனக்குத் தோன்றவேயில்லை. வாசல் பக்கம் தற்செயலாகத் திரும்பினேன். அங்கே ஒரு கழுதை கட்டியிருந்தது. பக்கத்தில் பூதலிங்கனார் நின்று அதற்குப் புல் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தோன்றாதது அவருக்கு முதல் பானையிலேயே தோன்றிவிட்டது.

ஏழாவது பானை இறங்கியபோது ராஜா செம்பைத் தூக்கி எறிந்தார்.

"இன்னும் எத்தனை?"

"மூன்று பானை, ஆறு நாழிகை, மன்னா" என்றார் மைத்துனர், வட்டிலைப் பார்த்தபடி.

"லாயத்தில் இரண்டே நாழிகையில் பத்துப் பானை வடித்தார்களே!"

"அவர்கள் பத்து அடுப்பில் ஏற்றினார்கள் மன்னா. கணக்கில் அப்படி இல்லையே."

"எந்த மடையன் அந்தக் கணக்கைப் போட்டான்?" என்று ராஜா கர்ஜித்தார். முந்தாநாள் என் மனைவி கேட்ட அதே கேள்வி.

பூதலிங்கனார் புல்லைக் கீழே போட்டுவிட்டு வந்து பணிவாக வணங்கினார். "சொல்லவே வருத்தமாக இருக்கிறது, மன்னர் பெருமானே. ஐந்தாம் வினா நம் விகடகவியுடையது. தாங்களே போடச் சொன்னீர்கள். விதி தங்களுக்கு நினைவிருக்கும். கழுதையும் தயார்."

எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பின. பசித்திருந்தவர்களின் கண்கள் அவை. லாயத்திலிருந்து உலகம்மையும் அவள் ஆட்களும் வந்து கதவோரம் நின்றிருந்தார்கள். ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன், அங்கே கழுதை நின்றது. நான் வீரன் என்று எங்கேயும் சொன்னதில்லை, புத்திசாலி என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"உண்மை, மன்னா. நான்தான் எழுதினேன்" என்றேன். "அடுப்படிக்கே போகாதவன் சோற்றைப் பற்றிக் கேள்வி எழுதினேன். தெரிந்தவள் சரியாகப் பதில் சொன்னாள். அதைப் படித்து நானே சிரித்தேன். கழுதைமேல் ஏறுகிறேன். ஆனால் அதற்குமுன் அந்த வினா ஓலையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

ஓலை வந்தது. வாங்கி உரக்கப் படித்தேன். "இதை எழுதியவன் அறிவாகரன். அடுத்து, 'மும்முறை சரிபார்த்தேன் – பூதலிங்கம்.' அதற்கும் கீழே..." என்று நிறுத்திக்கொண்டு, அரச முத்திரையை விரலால் மட்டும் காட்டினேன். "ஆக, இந்தத் தப்பில் மூன்று பேருக்குப் பங்கு. விதி என்றால் மூவருக்கும்தான். இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு கழுதை ஒருவரைச் சுமந்து நான்கு வீதியும் சுற்றிவர இரண்டு நாழிகை ஆகும். மூன்று பேர் சுற்றிவர எத்தனை நாழிகை ஆகும்?"

"ஆறு!" என்றார் பூதலிங்கனார். கணக்கு என்று காதில் விழுந்தால் போதும், அவர் வாய் சும்மா இருக்காது.

"ஏன் ஆறு?" என்று ராஜா எரிந்து விழுந்தார். "மூன்று கழுதை இருந்தால் மூன்று பேரும் ஒன்றாகவே போய் இரண்டு நாழிகையில் வந்துவிடலாமே! எத்தனை கழுதை என்று அவன் சொல்லவில்லையே!"

சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டார். கதவோரம் நின்ற உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய வார்த்தை ராஜாவின் வாயிலிருந்து வந்திருந்தது. அடுப்புக்குப் பதில் கழுதை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தபடியாக, அந்த மூன்றாவது ஆள் யார் என்பது ராஜாவுக்கு உறைத்தது. முத்திரை மோதிரத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற கழுதையைப் பார்த்தார். சபையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பூதலிங்கனார், தம் வாயாலேயே தம்மையும் ராஜாவையும் கழுதைமேல் ஏற்றிவிட்டோம் என்று புரிந்து, மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். தலை போய்விட்டது என்றே நான் முடிவு செய்துவிட்டேன். கழுத்தைத் தடவிக்கூடப் பார்த்துக்கொண்டேன்.

ராஜாவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு அவர் சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த சிற்றரசர்கள் இருவரும், சாப்பாடுதான் வந்துவிட்டது என்று எழுந்து உட்கார்ந்தார்கள்.

"அந்த அம்மையை முன்னால் வரச் சொல்" என்றார் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உன் விடை சரியம்மா. ஆனால் குடத்தின் விடையை மாற்றமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். என்ன செய்யலாம்?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம் மகராசா. மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. மொதல்ல சோறு" என்றாள் உலகம்மை. மடைப்பள்ளிக்குள் நுழைந்து, வட்டிலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மைத்துனரை, "கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். மூன்று அடுப்பு ஒன்றாக எரிந்தது. இரண்டு நாழிகையில் மூன்று பானையும் இறங்கின. மேலே ஆவி பறக்கும் சோறும் அடியில் ஆறிக் கட்டிதட்டிய சோறுமாகக் குவியல் படைத்து, பொழுது சாய்வதற்கு முன்னால் ராஜா இலையில் உட்கார்ந்தார். மூன்று முறை மறுசோறு வாங்கினார்.

கை கழுவியதும் குடத்தைக் கொண்டுவரச் சொன்னார். "குடத்து விடையை மாற்றமாட்டேன் என்றுதான் சொன்னேன். இன்னோர் ஓலையைப் போடமாட்டேன் என்று சொல்லவில்லையே" என்று, உலகம்மையின் ஓலையையும் தம் கையாலேயே உள்ளே போட்டார். பாலத்தடிச் சாவடி மோரைப் பற்றி எழுதிய தூதனுடைய ஓலையும் உள்ளே போனது. மைத்துனர் தாமாகவே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நாழிகை வட்டில் பார்க்கும் வேலை இருந்தால் போதும் என்றார். அந்த வேலையை இன்றுவரை ஒரு நொடி பிசகாமல் பார்க்கிறார்.

உலகம்மையும் எட்டுப் பெண்களும் மடைப்பள்ளிக்குள் நுழைந்தது ஆடி பிறப்பதற்கு மூன்று நாள் முன்பு. நான் அவளைத் தனியாகப் பார்த்து, "அம்மா, அன்றைக்கு நீ கேட்ட அந்தப் புண்ணியவான்..." என்று தொடங்கினேன்.

"அன்னிக்கே தெரியும் அய்யா. உள்ள அம்மா இருமினாங்கல்ல" என்றாள். "சபையில நின்னு ஒத்துக்கிட்டீங்க, போதும். வாங்க, இந்தப் பானையக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, கஞ்சி வடிக்கணும்."

பிடித்தேன். இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்கள் நாட்டில் எந்த வினா ஓலையும், அந்தந்த வேலையைச் செய்பவர் ஒருவர் படித்துப் பார்க்காமல் குடத்துக்குள் போவதில்லை. பூதலிங்கனார் இப்போது கேள்வி எழுதினால், 'ஓர் அடுப்பில், ஒரே அளவுப் பானையில், காற்று அடிக்காத நாளில்' என்று தொடங்கி ஓலை தீரும்வரை எழுதுகிறார். கேள்வி வருவதற்குள் ஓலை முடிந்துவிடுகிறது.

என்னை மறந்துவிட்டேனே. விருந்து நடந்த அன்று மாலை ராஜா முதல் வெற்றிலையை உலகம்மைக்குக் கொடுத்தார், இரண்டாவதை எனக்கு. பிறகு, "அறிவாகரா, உனக்கும் ஒன்று தரவேண்டுமே" என்று சொல்லித் தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்தார். நான் குனிந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், சால்வையைக் கழுதையின்மேல் விரித்தார். "எடுத்துக்கொள். இனி இது உன்னுடையது. ஏறிக்கொண்டு வீட்டுக்குப் போ" என்று சொல்லி மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்.

ஏறினேன். என் வீடு நான்காவது வீதியில் இருக்கிறது. அரண்மனையிலிருந்து அங்கே போகவேண்டும் என்றால் மற்ற மூன்று வீதிகளையும் சுற்றித்தான் போகவேண்டும். ஊரே வாசலில் நின்று பார்த்தது.

சொர்ணவல்லி கதவைத் திறந்தாள். பட்டுச் சால்வையைப் பார்த்தாள், கழுதையைப் பார்த்தாள், மேலே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"இது பரிசா, தண்டனையா?" என்று கேட்டாள்.

"அதை ராஜா சொல்லவில்லையே" என்றேன்.